பணிநேரத்திற்குப் பிந்தைய மருத்துவர்களின் வாராந்திர நோய் அறிக்கையை எப்படி வாசிப்பது?

கேள்வி: இளவேனில்

வணக்கம். இங்கிலாந்தில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் துணை மேலாளராகப் பணிபுரிகிறேன். குளிர்காலப் பணிப்பட்டியலைத் தயாரிப்பதும், தடுப்பூசி நாளை ஒழுங்கு செய்வதும், பார்வையாளர்களுக்கு எப்போது கட்டுப்பாடு விதிப்பது என்று தீர்மானிப்பதும் என் பொறுப்பு. சுகாதாரப் பாதுகாப்பு முகமையான யுகேஎச்எஸ்ஏ, பணிநேரத்திற்குப் பிந்தைய ஜிபி (குடும்ப மருத்துவர்) சேவைகளில் பதிவாகும் நோய்களைத் தொகுத்து வெளியிடும் வாராந்திர அறிக்கையை இந்தப் பருவத்தில்தான் ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன். கடும் சுவாசத் தொற்று, ஃப்ளூ போன்ற காய்ச்சல், மூச்சுக்குழல் அழற்சி, தொண்டை அழற்சி, இளைப்பு, வயிற்றுப்போக்கு, வாந்தி என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம் இருக்கிறது. ஆனால் அவற்றிலிருந்து எங்கள் இல்லத்திற்கு எந்த முடிவை எடுக்கலாம் என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

குறிப்பாக மூன்று ஐயங்கள் உள்ளன. முதலாவது, வார இறுதியிலும் வங்கி விடுமுறை (பொது விடுமுறை) நாள்களிலும் எண்ணிக்கை திடீரென்று உயர்ந்து பின்னர் இறங்குகிறதே, அந்த நாள்களில் உண்மையிலேயே அதிகம் பேர் நோயுறுகிறார்களா? இரண்டாவது, ஒவ்வொரு படத்திலும் "எதிர்பார்க்கப்படும் அளவு" என்று ஒரு கோடு வரையப்பட்டிருக்கிறது; அதற்கு மேலே போனால் அபாயம் என்றும் கீழே இருந்தால் கவலையில்லை என்றும் கொள்ளலாமா? மூன்றாவதுதான் எனக்கு மிகவும் தேவையானது. நாடு முழுவதும் ஃப்ளூ பரவுகிறது என்று செய்தி வரும் வேளையில் எங்கள் இல்லத்தில் ஏற்கெனவே சிலர் படுத்த படுக்கையாகிவிடுகிறார்கள். அதற்கு முன்பே எங்களை எச்சரிக்கக்கூடிய அடையாளம் ஏதேனும் இந்த அறிக்கைக்குள் இருக்கிறதா? துறை அறிந்தவர்கள் பொறுமையுடன் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: இரவுப்பணி மருத்துவர்

வணக்கம், சகோதரி. நான் பல ஆண்டுகளாக இப்பணியைச் செய்து வருகிறேன். அந்த எண்கள் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்பதைச் சொல்கிறேன். அது தெரிந்தால் உங்கள் ஐயங்களில் பாதி தீர்ந்துவிடும்.

இங்கிலாந்தில் பணிநேரத்திற்குப் பிந்தைய சேவை என்பது வார நாள்களில் மாலை 6.30 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரையிலும், சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை நாள்களில் முழு நாளும் இயங்குவது. 2004-ஆம் ஆண்டின் ஜிபி ஒப்பந்தத்திற்குப் பிறகு பெரும்பாலான மருத்துவ நிலையங்கள் இப்பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டன. தனி அமைப்புகள் அதை ஏற்று நடத்துகின்றன. நோயாளிகளில் பெரும்பாலோர் 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்து, அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதிலளித்த பிறகே எங்களிடம் வருகிறார்கள். நாங்கள் சிலரிடம் தொலைபேசியில் மட்டும் பேசுகிறோம், சிலரை நிலையத்திற்கு வரச் சொல்கிறோம், உங்களைப் போன்ற இல்லங்களில் இருப்பவர்களை நேரில் சென்று பார்க்கிறோம்.

ஆகவே எங்களிடம் வருபவர்கள் நோயாளிகள் அனைவருக்குமான மாதிரி அல்லர். விடியும்வரை காத்திருக்க முடியாது என்று தாமோ தம்மைக் கவனிப்பவரோ கருதியவர்கள் மட்டுமே வருகிறார்கள். இரவு இரண்டு மணிக்குக் குழந்தையின் உடல் கொதித்தால் பெற்றோர் அழைப்பார்கள். அதே காய்ச்சல் கண்ட முப்பது வயதுக்காரர் ஒரு பாராசிட்டமால் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவார். சிறு குழந்தைகளின் பங்கு எங்கள் தரவில் கூடுதலாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

அடுத்து, நாங்கள் பதிவு செய்வது ஆய்வகம் உறுதிப்படுத்திய நோயின் பெயரை அல்ல. அந்த நேரத்தில் கையில் பெரும்பாலும் பரிசோதனை முடிவு எதுவும் இருக்காது. நோயாளி சொன்னதையும் நாங்கள் கண்டதையும் வைத்து, பட்டியலிலிருந்து ஒரு குறியீட்டைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒரே நோயாளியை ஒரு மருத்துவர் "இருமல்" என்றும், மற்றொருவர் "வைரஸ் தொற்று" என்றும், இன்னொருவர் "ஃப்ளூ போன்ற காய்ச்சல்" என்றும் குறிக்கலாம், மூன்றும் தவறல்ல. ஃப்ளூவைப் பற்றிய செய்திகள் எங்கும் ஒலிக்கும் வாரங்களில் மூன்றாவது குறியீட்டை நோக்கி எங்கள் கை சற்று எளிதாகவே செல்கிறது என்பது என் கணிப்பு.

செய்திகள் மக்களின் நடத்தையையும் மாற்றுகின்றன. 2022 டிசம்பர் தொடக்கத்தில், ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றால் குழந்தைகள் இறந்ததைச் சுகாதாரப் பாதுகாப்பு முகமை அறிவித்தது. தொண்டை வலியுள்ள குழந்தைகளின் பெற்றோர் அஞ்சி அழைத்தார்கள். அழைத்ததில் எந்தத் தவறும் இல்லை. கிருமியின் பரவலும் அப்போது உண்மையிலேயே மிகுந்திருந்தது. ஆனால் அந்த வாரங்களின் தொண்டை அழற்சிக் கோட்டில் எவ்வளவு கிருமியால் வந்த உயர்வு, எவ்வளவு அச்சத்தால் வந்த உயர்வு என்பதை அந்தக் கோட்டை மட்டும் பார்த்துப் பிரித்தறிய இயலாது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 2024 ஜனவரி 31 முதல், தொண்டை வலி, காது வலி உள்ளிட்ட ஏழு பொதுவான நோய்களுக்கு மருந்தாளுநரே சிகிச்சை தரும் ஏற்பாடு இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. அங்கே தீர்வு கிடைத்தவர் எங்களை அழைக்கப் போவதில்லை. எனவே ஒரு கோடு தாழ்ந்தால், நோய் குறைந்ததா அல்லது நோயாளி வேறு வாசலுக்குச் சென்றாரா என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

பதில் 2: வரைபடம்

மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு கணக்குப் பக்கத்தையும் சேர்க்கிறேன். நான் நோய்ப்பரவல் தரவுகளோடு வேலை செய்பவன்.

முதல் ஐயத்தை எடுத்துக்கொள்வோம். வார இறுதியில் மக்கள் அதிகம் நோயுறுவதில்லை. வழக்கமான மருத்துவ நிலையங்கள் மூடப்படுவதால் எல்லாத் தேவையும் ஒரே வாசலை நோக்கித் திரும்புகிறது. எனவேதான் அன்றாடப் புள்ளிகளுக்கு மேல் ஏழு நாள் நகரும் சராசரி வரையப்படுகிறது. எந்த நாளில் கணக்கிட்டாலும் அந்தச் சராசரிக்குள் ஒரு சனியும் ஒரு ஞாயிறும் இருக்கும் என்பதால் வாராந்திர ஏற்ற இறக்கம் சமனாகிவிடும். ஆனால் வங்கி விடுமுறையை வெறும் சராசரியால் சமன்செய்ய முடியாது. ஈஸ்டர் வாரத்தில் வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாள்களும் பணிநேரத்திற்குப் பிந்தைய நாள்களாகின்றன. கிறிஸ்துமஸும் புத்தாண்டும் அடுத்தடுத்த வாரங்களில் வருகின்றன. அந்த வாரங்களில் மொத்த எண்ணிக்கை உயர்வதை நோய்ப் பெருக்கமாக எடுத்துக்கொள்ளலாகாது. ஃப்ளூவின் உச்சமும் பெரும்பாலும் அதே காலத்தை ஒட்டி வருவதுதான் கவலைக்குரியது. 2022–23 பருவத்தில் ஃப்ளூ கிறிஸ்துமஸை ஒட்டி உச்சத்தைத் தொட்டு ஜனவரியில் செங்குத்தாக இறங்கியது. தரவு மிகவும் தேவைப்படும் வாரங்களே தரவு மிகவும் குழம்பும் வாரங்களாகவும் அமைந்துவிடுகின்றன.

ஒரு வழக்கமான ஜிபி நிலையத்தில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்பது தெரியும். எனவே ஒரு இலட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று விகிதம் சொல்லலாம். 1957 முதல் ராயல் காலேஜ் ஆஃப் ஜெனரல் பிராக்டிஷனர்ஸ் என்ற ஜிபிக்களின் அமைப்பு நடத்திவரும் கண்காணிப்பு வலையமைப்பு அந்த வகையைச் சேர்ந்தது. பணிநேரத்திற்குப் பிந்தைய சேவைக்கோ அத்தகைய பதிவுப் பட்டியல் இல்லை. மேலும் நாட்டின் எல்லாச் சேவைகளும் இந்தக் கண்காணிப்புக்குத் தரவு அளிப்பதில்லை. எனவே இந்தக் கோட்டின் உயரத்தைக் கொண்டு "இத்தனை பேருக்கு நோய்" என்று கணக்கிடுவதற்கு அடிப்படையே கிடையாது. அது ஏறுகிறதா, எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எந்த வயதினரிடம் முதலில் ஏறுகிறது என்பவற்றையே அதனிடம் கேட்க வேண்டும்.

எதிர்பார்க்கப்படும் அளவு என்பது முந்தைய ஆண்டுகளின் போக்கிலிருந்து கணிக்கப்பட்ட கோடு. குளிர்காலத்தில் சுவாசத் தொற்று மிகுவது இயல்பு என்பதால் அந்தக் கோடும் குளிர்காலத்தில் உயர்ந்தே இருக்கும். கோட்டுக்குக் கீழே இருக்கிறோம் என்றால் "வழக்கமான ஜனவரி போலவோ அதைவிடக் குறைவாகவோ இருக்கிறது" என்று பொருள். வழக்கமான ஜனவரி முதியவர்களுக்குப் பாதுகாப்பான மாதம் என்று பொருளல்ல. கோவிட் காலத்தையும் மறக்கக்கூடாது. 2020–21 குளிர்காலத்தில் இங்கிலாந்தில் ஃப்ளூ ஏறத்தாழ மறைந்தே போயிற்று. சிறு குழந்தைகளிடம் பிராங்கியோலைட்டிஸ் (நுரையீரலின் நுண்குழல் அழற்சி) உண்டாக்கும் ஆர்எஸ்வி, வழக்கமாக நவம்பர், டிசம்பரில் உச்சம் பெறும் வைரஸ். 2021-இல் அது கோடையிலேயே கிளம்பியது. அந்த ஆண்டுகளை அப்படியே சேர்த்து ஒரு "வழக்கத்தை" உருவாக்கினால் அது எந்த ஆண்டின் வழக்கமாகவும் இருக்காது.

அமைப்பு மாறும்போது கோடு மாறும் என்பதற்கு மறக்க முடியாத இரு நிகழ்வுகள் உண்டு. 2009 பன்றிக் காய்ச்சல் பெருந்தொற்றின்போது, ஜூலை 23 அன்று தேசிய ஃப்ளூ சேவை ஒன்று தொலைபேசியிலும் இணையத்திலும் தொடங்கப்பட்டது. நோயாளிகள் அங்கே திரும்பியவுடன் ஜிபி பதிவுகளில் ஃப்ளூ வீழ்ந்தது. 2022 ஆகஸ்ட் 4 அன்று, 111 சேவையும் பல பணிநேரத்திற்குப் பிந்தைய நிலையங்களும் பயன்படுத்திய மென்பொருள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிச் செயலிழந்தது. மருத்துவர்கள் காகிதத்தில் எழுத நேர்ந்தது. காகிதத்தில் எழுதியது கண்காணிப்புக்கு வந்து சேராது. அறிக்கையின் அடியில் உள்ள தரவுக் குறிப்புகளை வாசிக்காமல் படத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இத்தகைய மாற்றங்கள் தெரியவே தெரியா.

இவ்வளவு குறைகளைச் சொன்னதால் இந்தத் தரவு பயனற்றது என்று எண்ணிவிட வேண்டாம். என் கருத்து அதற்கு நேர் எதிரானது. இது பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பதில்லை; மருத்துவர் குறியீட்டை இட்ட மறுநாளே தொகுப்புக்குள் வந்துவிடுகிறது. லண்டன் 2012 ஒலிம்பிக் போட்டிகளுக்கான ஆயத்தத்தின்போது இந்த முறை விரிவாக்கப்பட்டதற்கும் அந்த வேகமே காரணம். உண்மையான மாற்றம் நிகழும்போது அதைத் தெளிவாகவே காட்டுகிறது. 2013 ஜூலையில் கைக்குழந்தைகளுக்கு ரோட்டாவைரஸ் தடுப்பூசி அறிமுகமான பிறகு, வசந்த காலத்தில் சிறு குழந்தைகளிடம் ஆண்டுதோறும் எழுந்துவந்த வாந்தி, வயிற்றுப்போக்கு அலை இத்தகைய அறிகுறிசார் தரவுகளில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாழ்ந்தது. ஒரு தடுப்பூசியின் பயன் இவ்வளவு எளிய பதிவுகளில் வெளிப்படுவதைப் பார்க்கும்போது, நள்ளிரவில் அந்தக் குறியீடுகளை இடும் மருத்துவர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு ஏற்படுகிறது.

மீண்டும் இளவேனில்

இருவருக்கும் மிக்க நன்றி. உயரத்தைவிடத் திசையையும் வேகத்தையும் கவனிக்க வேண்டும் என்பது விளங்குகிறது. ஆனால் எந்த வயதினரின் கோட்டை நான் முதலில் பார்க்க வேண்டும்? எங்கள் இல்லத்தில் இருப்பவர்கள் எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள் என்பதால் 65 வயதுக்கு மேற்பட்டோரின் கோட்டை மட்டுமே இதுவரை பார்த்து வந்தேன்.

பதில் 3: தொற்றுக்கட்டுப்பாட்டுச் செவிலியர்

அதை மட்டும் பார்ப்பது போதாது, அம்மா. 65-க்கு மேற்பட்டோரின் கோடு ஏறும்போது கிருமி உங்களைப் போன்ற இல்லங்களுக்குள் ஏற்கெனவே நுழைந்திருக்கும். சுவாசத் தொற்று அலைகள் பலவும் முதலில் பள்ளி வயதினரிடமும் மழலையரிடமும் எழுகின்றன. உங்கள் இல்லத்துக்குள் கிருமி வருவது பணியாளர்கள் வழியாகவும் பார்வையாளர்கள் வழியாகவும்தான். அவர்களின் வீடுகளில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனவே 1–4, 5–14 வயதினரின் சுவாசத் தொற்றுக் கோடுகள் தொடர்ந்து சில வாரங்கள் ஏறினால், முதியவர்களின் கோடு படுத்தே கிடந்தாலும் நீங்கள் ஆயத்தமாகத் தொடங்குங்கள். உடல்நலமில்லாத பணியாளர் வேலைக்கு வரக்கூடாது என்பதை மீண்டும் வலியுறுத்துவது, மாற்றுப் பணியாளர்களை ஏற்பாடு செய்து வைப்பது, முகக்கவசக் கையிருப்பைச் சரிபார்ப்பது ஆகிய மூன்றுக்கும் அதுவே தருணம்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் பள்ளிகள் திறந்து இரண்டு மூன்று வாரங்களில் குழந்தைகளிடம் இளைப்பு உயர்வது ஆண்டுதோறும் நிகழ்வது. அதற்குப் பெரும்பாலும் சாதாரணச் சளி வைரஸ்களே காரணம்; அதை ஃப்ளூவின் தொடக்கமாகக் கொள்ள வேண்டாம்.

ஃப்ளூ தடுப்பூசியை இந்தக் கோடுகளோடு இணைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. போட்ட பிறகு பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். கோடு ஏறுவதைப் பார்த்து நாள் குறித்தால் காலம் கடந்துவிடும். முதியோருக்கான திட்டம் அக்டோபர் தொடக்கத்தில் திறந்தவுடன், தகுதியுள்ள எல்லோருக்கும் முடித்துவிடுங்கள், பணியாளர்களும் போட்டுக்கொள்ளட்டும்.

தேசிய அளவில் ஃப்ளூ பரவல் ஒரு வரம்பைத் தாண்டிய பின்னரே, இடர்ப் பிரிவினருக்கு ஃப்ளூ எதிர்ப்பு மருந்துகளை எழுத ஜிபிக்களுக்கு அனுமதிக் கடிதம் வருகிறது. ஆனால் பராமரிப்பு இல்லத்தில் நோய்த்திரள் (ஒரே இடத்தில் பலருக்கு ஒரே நோய்) ஏற்பட்டு, காரணம் ஃப்ளூதான் என்று பெருமளவு உறுதியாகத் தெரிந்தால், தேசிய வரம்பு எட்டப்படாத காலத்திலும் அம்மருந்துகளைத் தரலாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் தேசிய அமைப்பான நைஸின் வழிகாட்டுதல் கூறுகிறது. அதாவது நாட்டின் கோடு தாழ்ந்திருப்பதைக் காரணம் காட்டி உங்கள் இல்லத்தின் நோய்த்திரளை யாரும் தள்ளிவைக்க வேண்டியதில்லை. ஐந்து நாள்களுக்குள் தொடர்புடைய இருவருக்குச் சுவாசத் தொற்று அறிகுறிகள் தோன்றினால் உங்கள் பகுதியின் சுகாதாரப் பாதுகாப்புக் குழுவிடம் தெரிவியுங்கள். ஒசெல்டமிவிர் என்ற ஃப்ளூ எதிர்ப்பு மருந்தை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். அதைப் பார்க்கையில் வாராந்திர அறிக்கை மிகவும் மெதுவானது. சென்ற வாரம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்த தரவை இந்த வாரம் வாசிக்கிறீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதியவர்களிடம் அறிகுறிகள் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வருவதில்லை. காய்ச்சலே இல்லாமல், திடீர்க் குழப்பமாகவோ, உணவை மறுப்பதாகவோ, வழக்கத்துக்கு மாறான சோர்வாகவோ தொற்று வெளிப்படலாம். நாள்தோறும் உடனிருக்கும் உங்கள் பணியாளர்களின் "இன்றைக்கு அவர் சரியாக இல்லை" என்ற சொல்லை எந்த வரைபடத்தையும்விட மேலானதாக நான் மதிக்கிறேன்.

வாந்தி, வயிற்றுப்போக்குக் கோடுகள் ஏறினால் நோரோவைரஸை நினையுங்கள். அதற்கு மதுசாரக் கைத்திரவம் போதாது; சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். நோயுற்ற பணியாளர் கடைசி அறிகுறி நின்று 48 மணி நேரம் கழிந்த பிறகே திரும்ப வேண்டும்.

பதில் 4: இரவுப்பணி மருத்துவர்

செவிலியர் சொன்ன ஒவ்வொன்றையும் வழிமொழிகிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஓர் இல்லத்திலிருந்து இரவில் அழைப்பு வரும்போது, அழைப்பவர் பெரும்பாலும் அந்த ஒரு நோயாளியைப் பற்றி மட்டுமே பேசுகிறார். அடுத்த அறையிலும் இருவர் இருமிக்கொண்டிருக்கிறார்கள் என்பது நாங்கள் நேரில் வந்த பிறகே தெரியவருகிறது. இல்லத்தில் வேறு யாருக்கு இதே அறிகுறிகள் உள்ளன, முதல் நோயாளிக்கு எந்த நாளில் தொடங்கியது, பரிசோதனை ஏதேனும் எடுக்கப்பட்டதா, தடுப்பூசி போடப்பட்டதா என்பவற்றை அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்லும்படி உங்கள் இரவுப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். ஒவ்வொருவரின் அண்மைய சிறுநீரகச் செயல்பாட்டு முடிவையும் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். ஒசெல்டமிவிரின் அளவை அதைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, நள்ளிரவில் அதைத் தேடிப்பிடிப்பதற்குள் மணிக்கணக்கில் காலம் போய்விடுகிறது.